புல்லட் நீலப் புகை: புதுப்பிப்பு

இன்ஜினைப் பிரித்துப் புதுப்பித்தது (ரீபில்ட்) என்று நம்பி வாங்கிய பழைய புல்லட் 350, ஏற்காடு மலை ஏறும்போது நீலப் புகை கக்குகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

சேலத்தில் லேத் பட்டறை அண்ணன் பிரித்து அளந்தார். போர் (சிலிண்டர் துளை) 70.5 மி.மீ., பிஸ்டனும் ஒரிஜினல் அளவைவிட அரை மில்லி பெரிது (ஓவர்சைஸ்), சரி. பிஸ்டனைச் சுற்றி நின்று ஆயில் மேலே ஏறாமல் தடுக்கும் ரிங் மட்டும் ஸ்டாண்டர்டு 70! அதைப் போருக்குள் தள்ளிக் காட்டினார். ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள வாய் கிட்டத்தட்ட இரண்டு மில்லி பிளந்து கிடந்தது. விட்டத்தில் அரை மில்லி குறைந்தால் சுற்றளவில் ஒன்றரை மில்லிக்கு மேல் குறையுமே, ஆயில் மேலே ஏறி எரிந்து நீலப் புகையாகாமல் என்ன செய்யும்? விற்றவர் மேல் கோபம் இன்னும் தீரவில்லை.

சிலிண்டர் உட்சுவரை லேசாக ஹோன் செய்து (தேய்த்து), 0.50 ஓவர்சைஸ் ரிங் செட் போட்டோம். நேற்று 20 கொண்டை ஊசி வளைவும் நிதானமாக ஏறினேன். புகை இல்லை. ஆறியபின் சைலன்சர் வாயில் விரலைத் தேய்த்துப் பார்த்தேன்: காய்ந்த கரிதான், எண்ணெய்ப் பிசுக்கு இல்லை.