வளையும் ஒளி உணரி: பெரோவ்ஸ்கைட் தேறுமா?

கரைசல்காரன்:
கையில் கட்டும் நாடித்துடிப்புக் கருவிகளில் ஒளியை உணர்வது இன்னமும் விறைப்பான சிலிக்கான் சில்லுதான். பெரோவ்ஸ்கைட் என்ற படிக அமைப்புள்ள ஈயச் சேர்மம் மெத்தில் அமோனியம் லெட் அயோடைடு, அரை மைக்ரான் தடிமன் இருந்தாலே கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். கரைசலை ஊற்றிச் சுழற்றி 100 டிகிரியில் சூடாக்கினால் படலம் தயார். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக்கே அந்தச் சூட்டைத் தாங்கும். சிலிக்கானில் இப்படிச் செய்து காட்டுங்கள் பார்ப்போம்.

பழைய சிலிக்கான்:
சிலிக்கானையும் 50 மைக்ரானுக்குக் கீழே தேய்த்தால் வளையும். அது இருக்கட்டும். ரத்த ஆக்சிஜன் பார்க்க 660 நானோமீட்டர் சிவப்பும் 940 அகச்சிவப்பும் வேண்டும். 800ஐத் தாண்டினால் உங்கள் சரக்குக்குக் கண் தெரியாதே?

கரைசல்காரன்:
ஈயத்தில் பாதியை எடுத்துவிட்டு வெள்ளீயம் கலந்தால் 1000 வரை தெரியும்.

பழைய சிலிக்கான்:
தெரியும், காற்று படாதவரை. வெள்ளீயம் எவ்வளவு சீக்கிரம் ஆக்சிஜனேற்றம் ஆகும் என்றும் சொல்லுங்கள்.

மஞ்சள் ஃபிலிம்:
சூடுபட்டவன் சொல்கிறேன். மழைக்காலத்தில் கிளவ் பாக்சுக்கு (ஈரமும் காற்றும் புகாத ஆய்வகப் பெட்டி) வெளியே மறந்துவைத்த கறுப்புப் படலம், மறுநாள் காலையில் மஞ்சள். ஈரம் பட்டு வெறும் லெட் அயோடைடு ஆகிவிட்டது. வியர்க்கும் கையில் இதை எப்படிக் கட்டுவது? நானோ துகளாக்கினால் தீர்ந்தது என்பவர்களுக்கு: துகளைச் சுற்றியுள்ள ஒலியிக் அமில உறைதான் அதைக் காப்பாற்றுகிறது, மின்னோட்டத்தைத் தடுப்பதும் அதே உறைதான். உறையைப் போக்க அளவு மீறிக் கழுவினால் துகளே போய்விடும். எத்தனை பேட்ச் கொட்டியிருப்பேன்!

கரைசல்காரன்:
மேலே மூடி போடுங்கள் ஐயா, ஈரமும் நிற்கும், வளைவையும் தாங்கும். 100 மைக்ரான் பிளாஸ்டிக்கை 5 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தால் மேற்பரப்பில் திரிபு, அதாவது இழுபட்டு நீளும் அளவு, 1 சதவீதம். அதே தடிமனில் மேலேயும் ஒன்றை ஒட்டினால் படலம் நடுவில் வந்துவிடும். அங்கே திரிபு ஏறக்குறைய பூஜ்யம்.

மஞ்சள் ஃபிலிம்:
கணக்கு சரி. ஆனால் பிளாஸ்டிக் ஈரத்தை மெல்ல உள்ளே விடும். கண்ணாடி விடாது, வளையவும் வளையாது.

பழைய சிலிக்கான்:
ஈயத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே?

கரைசல்காரன்:
அரை மைக்ரான் படலத்தில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 70 மைக்ரோகிராம்தான் வரும்.

பழைய சிலிக்கான்:
மின்னணுப் பொருள்களில் நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ரோஸ் (RoHS) விதி மைக்ரோகிராமையா கேட்கிறது? சீரான பொருள் ஒவ்வொன்றிலும் எடையில் 0.1 சதவீதம்தான் வரம்பு. உங்கள் படலத்தில் மூன்றில் ஒரு பங்கு ஈயம்.

கரைசல்காரன்:
சரி, எக்ஸ்ரேயைத் தடுத்துப் பிடிக்க அந்தக் கனமான ஈயம்தானே பலம்? பல் மருத்துவர் வாய்க்குள் வைக்கும் விறைத்த சென்சார் ஈறைக் குத்தும் வலி தெரியாதா? அங்கே வளைந்துகொடுக்கட்டும்.

மஞ்சள் ஃபிலிம்:
வியர்வைக்கே தாங்காததை எச்சிலில் ஊறப்போடச் சொல்கிறீர்களே!