லக்ஸர் முழு சூரிய கிரகணம் 2027: 1500டி, 55-250 லென்ஸுக்கு என்ன செட்டிங்?

குடந்தை_லென்ஸ்:
2027 ஆகஸ்ட் 2 முழு கிரகணத்துக்கு எகிப்தில் லக்ஸர் போறதா முடிவாயிடுச்சு. கையில் கேனன் 1500டி, 55-250 லென்ஸ், பால்ஹெட் (எந்தப் பக்கமும் திரும்பற பந்துத் தலை) டிரைபாட். 2019 டிசம்பர் 26 வளைய கிரகணத்தை திருச்சியில் சோலார் ஃபில்டரோட எஃப்/8, ஐஎஸ்ஓ 100, 1/500-ல் எடுத்தது நல்லா வந்தது. அதையே வைக்கலாமா? பிராக்கெட்டிங்கில் (ஒரே காட்சியை வேற வேற எக்ஸ்போஷரில் தொடர்ந்து எடுக்கிறது) மூணு ஷாட்தான் எடுக்கும். கரோனாவுக்கு, அதாவது முழு கிரகணத்தில் சூரியனைச் சுற்றித் தெரியற ஒளிக்கு, பத்துமா?

தஞ்சை_வான்:
பகுதி கிரகணத்துக்கு மட்டும் அது சரி. வளைய கிரகணத்தில் ஃபில்டரைக் கழட்டவே கூடாது, முழுமையில் (நிலா சூரியனை முழுசா மறைக்கிற நேரத்தில்) கழட்டாட்டி ஒண்ணுமே விழாது.

கரோனாவுக்கு ஒரே எக்ஸ்போஷர் கிடையாது. எஃப்/8, ஐஎஸ்ஓ 100-ல் விளிம்பில் சிவப்பாத் தெரியற தீப்பிழம்புக்கு 1/800, உள் கரோனாவுக்கு 1/200, சூரிய ஆரத்தில் பாதி தூரம் வெளியே போனா 1/12, ஒரு ஆரத் தூரத்துக்கு 1/3. ஒரு சுற்றில் அடங்காது, ரெண்டாப் பிரிங்க. ±2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் இரட்டிப்பு இல்லாட்டி பாதி) பிராக்கெட்டிங் வச்சு 1/1000-ஐ நடுவில் வச்சா 1/4000, 1/1000, 1/250 வரும். அடுத்து 1/15 நடுவில்: 1/60, 1/15, 1/4. ஒண்ணிலிருந்து இன்னொண்ணுக்கு டயல் 18 கிளிக், ஒரு கிளிக்குக்கு மூணில் ஒரு ஸ்டாப். இருட்டில் எண்ணிக்கிட்டு நிக்க முடியாது, செட்டிங்கில் அரை ஸ்டாப்புக்கு மாத்தினா 12-ல் முடியும். பவர் ஆஃப் பண்ணினா இந்த மாடலில் பிராக்கெட்டிங் அழிஞ்சிடும், அதனால புது பேட்டரியை முன்னாடியே போட்டுடுங்க.

250 மி.மீ.-ல் 1/4 செகண்டுக்கு சூரியன் ஒரு பிக்சல்தான் நகரும், கவலையில்லை. ஒரு செகண்ட் போனா அஞ்சு பிக்சல் இழுக்கும். ரா ஃபார்மேட் மட்டும், ஆட்டோ ஐஎஸ்ஓ ஆஃப், லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன் கட்டாயம் ஆஃப்.

மாயூரத்தான்:
செட்டிங்கை விட பெரிய தலைவலி, லக்ஸரில் அப்போ சூரியன் 82 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே இருக்கும். 1500டி ஸ்கிரீன் மடங்காது, தரையைப் பார்த்துக்கிட்டிருக்கும். வைஃபையில் போனை இணைச்சு லைவ் வியூவில் குறி பாருங்க. பால்ஹெட்டில் இருக்கிற பள்ளத்தைக் கேமராவுக்குப் பின்பக்கமாத் திருப்பினாத்தான் லென்ஸ் அவ்வளவு நிமிரும். எடை அந்தப் பக்கம் சாயும், டிரைபாடின் ஒரு காலை அதுக்கு நேர் கீழே வைங்க.

ஒத்திகைக்கு நம்ம ஊரே போதும். பங்குனி நடுவில் கும்பகோணத்து உச்சிவெயில் அதே 82 டிகிரிதான், அதுவும் தெற்குப் பக்கமே. மொட்டை மாடியில் ஃபில்டரோட ஒரு மணி நேரம் நின்னா எந்த ஸ்குரூ வழுக்குதுன்னு தெரிஞ்சிடும். டயலைப் பழக தை, மாசி பௌர்ணமி நிலா. நள்ளிரவில் உச்சியை ஒட்டி வரும், அளவும் சூரியன் அளவேதான்.

ஃபோகஸை ஃபில்டரோட, லைவ் வியூ 10 மடங்கில் சூரியக் கரும்புள்ளி இல்லாட்டி விளிம்பை வச்சுப் பிடிச்சு மேனுவலுக்கு மாத்துங்க. வெயிலில் லென்ஸ் சூடேறினா ஃபோகஸ் விலகும், முழுமைக்குப் பத்து நிமிஷம் முன்னாடி மறுபடி பாருங்க. அதுவரை கேமரா மேல ஒரு வெள்ளை ஈரிழைத் துண்டு. நனைக்க வேண்டாம்.

குடந்தை_லென்ஸ்:
நன்றி அண்ணா. ஃபில்டரை எப்போ கழட்டணும்? நடுவில் சூரியன் ஃபிரேமை விட்டுப் போயிடுமா?

தஞ்சை_வான்:
முழுமைக்கு 15 செகண்ட் முன்னாடி கழட்டுங்க, வைர மோதிரம் (கடைசி ஒளிப்பொட்டு மோதிரக்கல் மாதிரி மின்னறது) கிடைக்கும். திரும்ப வெளிச்சம் பீறிட்டதும் ரெண்டு மூணு ஷாட், உடனே மாட்டிடணும். திருகு ஃபில்டர் வேண்டாம், சூட்டில் இறுகினா அந்த நேரத்தில் கழலாது. சோலார் ஃபிலிமை அட்டைக் குழாயில் ஒட்டி மூடி மாதிரி செருகிக்கிட்டா ஒரே இழுப்பு. ஃபிலிமை வெளிச்சத்துக்கு எதிரே பிடிச்சு ஊசித்துளை இருக்கான்னு பார்த்துடுங்க.

முழுமை முடியறதுக்குள்ள சூரியன் ஒன்றரை டிகிரி நகரும். உங்க ஃபிரேமின் குட்டைப் பக்கமே 3.4 டிகிரி. நகர்ற திசைக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் தள்ளி வச்சு ஆரம்பிச்சா தொடவே வேண்டாம்.

மாயூரத்தான்:
ஒண்ணு விட்டுப்போச்சு. ஃபில்டர் இல்லாத நேரத்தில் வியூஃபைண்டரில் கண்ணே வைக்கக் கூடாது. கூட வர்றவங்க மஞ்சள் தண்ணித் தட்டில் பார்த்துக்கறோம்னு சொன்னா விடாதீங்க, அந்தப் பிரதிபலிப்பும் கண்ணுக்கு ஆபத்துதான். ஆளுக்கொரு ஐஎஸ்ஓ 12312-2 தரமுள்ள கிரகணக் கண்ணாடி இங்கேயே வாங்கிட்டுப் போங்க.