புதுப்பிப்பு: ஒரே கம்பத்தில் இரண்டு 11 கிலோவோல்ட் லைன், ட்ரேஸ் தாவும் சிக்கல் தீர்ந்தது

வேளச்சேரிப் பக்கம் ஒரே கம்பவரிசையில் போகும் இரண்டு ஃபீடர்களை (மின்சாரம் கொண்டுபோகும் லைன்கள்) ஆர்க்ஜிஐஎஸ் யூட்டிலிட்டி நெட்வொர்க் என்ற வரைபட மென்பொருளில் வரைந்தபோது, ட்ரேஸ் (மின்சாரம் போகும் வழியைப் பின்தொடரும் தேடல்) ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவுவதாகக் கேட்டிருந்தேன். பதில் எழுதியவர்களுக்கு நன்றி.

தாவுவதற்குக் கம்பம்தான் காரணம் என்று சந்தேகப்பட்டது தவறு. அது லைனைத் தாங்கும் ஸ்ட்ரக்சர் மட்டுமே. ட்ரேஸ் அதன் வழியே பாயாது. சிக்கல் டிரான்ஸ்பார்மருக்கு டேப் (கிளை) எடுத்த ஜங்ஷனில், அதாவது இணைப்புப் புள்ளியில்தான். இரு லைன்களையும் கம்பத்தின் நடுப்புள்ளிக்கே ஸ்னாப் செய்திருந்ததால் (ஒட்ட வைத்திருந்ததால்), இரண்டின் வெர்டெக்ஸும் (லைனை வரையும் புள்ளி) அந்த ஜங்ஷன் மேல் விழுந்தன. இணைப்பு விதி 'எனி வெர்டெக்ஸ்' என்றிருந்ததால் நடுவில் இருக்கும் வெர்டெக்ஸும் இணைந்துவிடும்.

பலன் தந்த யோசனை: இரண்டாவது லைனை அரை மீட்டர் தள்ளி வரைவது. கம்பத்தோடு அந்த லைனின் ஜங்ஷனுக்கு உள்ள உறவை அட்டாச்மென்ட் அசோசியேஷன் (எது எதில் மாட்டியிருக்கிறது என்ற பதிவு) காட்டும், ஸ்னாப் தேவையில்லை. பிறகு டோபாலஜி வேலிடேட் (இணைப்புகளைச் சரிபார்த்தல்), சப்நெட்வொர்க் அப்டேட் (ஃபீடர் பதிவைப் புதுப்பித்தல்).

எதிர்பாராதது ஒன்று: ஒரு ஏபி சுவிட்சில் (கம்பத்தில் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரேஸ் நின்றுபோனது. சுவிட்சின் இசட் மதிப்பு (உயரம்) 9, லைனுக்கு 0. எக்ஸ், ஒய் மட்டும் ஒத்துப்போனால் போதாது, இசட்டும் பொருந்த வேண்டும். லைனின் இசட்டையும் 9 ஆக்கி மறுபடி வேலிடேட் செய்ததும் இணைந்தது.