கூரியர் நிறுவனம் வெளிநாட்டில் கால்பதிக்க எந்த வழி ஏற்றது?

கேள்வி:
புதிய நாட்டுக்குள் நுழையும் விரைவு கூரியர் நிறுவனம், சொந்தக் கிளைகளை அமைப்பதா, அங்கே ஏற்கெனவே இயங்கும் நிறுவனத்தை வாங்குவதா, உள்ளூர் முகவரோடு கூட்டுச் சேர்வதா? எது நிலைக்கும்?

பதில் 1:
வாங்குவது வேகமான வழி என்பார்கள். நான் முழுமையாக ஏற்கவில்லை. நெதர்லாந்தின் டிஎன்டி எக்ஸ்பிரஸ் என்ற கூரியர் நிறுவனத்தை வாங்க அமெரிக்க கூரியர் நிறுவனமான யுபிஎஸ் செய்த முயற்சியை, போட்டி குறையும் என்று 2013-இல் ஐரோப்பிய ஆணையம் தடுத்தது. 2016-இல் டிஎன்டியை இன்னோர் அமெரிக்க கூரியர் நிறுவனமான ஃபெடெக்ஸ் 440 கோடி யூரோவுக்கு வாங்கியது. மறு ஆண்டே நாட்பெட்யா என்ற கணினித் தீநிரலின் தாக்குதலில் டிஎன்டியின் கணினிகள் முடங்கி, பல பணிகளை ஊழியர்கள் கையாலேயே செய்ய வேண்டியதாயிற்று. ஆகவே விமானங்களையும் கிடங்குகளையும் எண்ணிப் பார்ப்பவர்கள் கணினி அமைப்பையும் அதே அக்கறையுடன் ஆராய வேண்டும்.

பதில் 2:
சுங்கத்தையும் மறக்கக் கூடாது. 1969-இல் டிஎச்எல் தொடங்கியதே, கப்பல் ஹவாயின் ஹொனலுலு துறைமுகத்தை அடையும் முன்பே அதன் சரக்கு ஆவணங்களை விமானத்தில் கொண்டுசேர்த்து, சுங்கப் பணிகளை முன்கூட்டியே தொடங்குவதற்காகத்தான். ஆனால் அதே நிறுவனம், ஏர்போர்ன் என்ற அமெரிக்க கூரியர் நிறுவனத்தை 2003-இல் வாங்கியிருந்தும், அமெரிக்க உள்நாட்டு விரைவுச் சேவையை 2009-இல் கைவிட்டது. பன்னாட்டுச் சேவையை மட்டும் அங்கே தொடர்ந்தது.

பதில் 3:
பொதிகள் குறைவாக உள்ள நாட்டில் முகவரே போதும். ஆனால் வாடிக்கையாளரிடம் பொதியை நேரில் ஒப்படைப்பவர் அவரே என்பதால், தாமதத்துக்கு யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.