அனல்மின் நிலையத்துக்குள் நீராவி இன்ஜின்: சிக்கனமா, வீணா?

ஆர்.கே.புரம்வாசி:
ஞாயிறன்று பிள்ளைகளோடு சாணக்யபுரி ரயில் மியூசியம் போனேன். சிந்திரி உரத் தொழிற்சாலையில் ஓடிய தீயில்லா இன்ஜின் அங்கே நிற்கிறது. வெளிநாட்டு அனல்மின் நிலையங்கள் பலவற்றில் கரி வேகன் இழுத்தது இதே வகைதான். அடுப்பே கிடையாது. தொட்டியில் பெரும்பகுதி வெந்நீர். நிலையத்துக் கொதிகலனிலிருந்து குழாய் மாட்டி நீராவி ஏற்றுவார்கள். ஓட ஓட அழுத்தம் இறங்கும். இறங்கும்போது அந்தச் சூட்டிலேயே தண்ணீர் கொதித்து மறுபடி நீராவி தரும். தீப்பொறி இல்லை, ஃபயர்மேன் வேண்டாம். மின் நிலையத்துக்கு இதைவிடப் பொருத்தமானது எது?

மயூர்விஹார்:
அந்த நீராவி இலவசமா சார்? டர்பைனுக்குப் போயிருந்தால் கரிச்சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மின்சாரமாகியிருக்கும். நீராவி இன்ஜினில் பத்தில் ஒரு பங்குகூட இழுவையாகாது. டீசல் வந்த அன்றே இதை ஓரம்கட்டியிருக்க வேண்டும்.

ஆர்.கே.புரம்வாசி:
ஓடும் நேரத்தை மட்டும் கணக்கெடுக்கிறீர்கள். யார்டுக்குள் வேகன்களை இழுத்தும் தள்ளியும் இடம் மாற்றும் ஷண்டிங் இன்ஜினுக்குக் காத்து நிற்பதே பாதி வேலை. அடுப்புள்ளது நிற்கும்போதும் கரி தின்னும். இது வெப்பம் போகாமல் போர்த்திய தொட்டி, சும்மா நின்றால் செலவு சொற்பம். ஜெர்மனியில் மான்ஹைம் மின் நிலையத்தில் இந்த நூற்றாண்டிலும் ஓடியது. லாபமில்லாமல் யாராவது வைத்திருப்பார்களா?

யமுனைக்கரை:
அண்ணா, என் அப்பா இருபது வருடத்துக்கு மேல் ஒரு அனல்மின் நிலையத்தின் கரி யார்டில் இருந்தவர். அங்கே டீசல்தான். மழைக்காலத்தில் ஈரக்கரி வேகன் அடியில் அப்பிக்கொள்ளும்; ஆட்கள் ஏறிக் கடப்பாரையால் குத்தித் தள்ளுவார்கள். ரேக்கை, அதாவது ஒரு ரயிலின் மொத்த வேகன் வரிசையை, நேரத்துக்குள் காலி செய்யாவிட்டால் ரயில்வே டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் போட்டுவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு, பாதி ரேக், வேகனைக் கவிழ்த்துக் கரி கொட்டும் டிப்ளரில் ஏறாமல் நிற்கிறது. அப்போது இன்ஜின் அழுத்தம் இறங்கி நீராவி ஏற்றப் போய்விட்டால்? அவர் சட்டைக் காலர் எத்தனை துவைத்தாலும் வெளுத்ததில்லை. அந்த யார்டுக்கு உங்கள் இன்ஜின் தாங்காது.

ஆர்.கே.புரம்வாசி:
முழு ரேக் வந்து இறங்கும் யார்டுக்கு நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். பத்துப் பன்னிரண்டு வேகன் வரும் சிறிய நிலையம் என்றால் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மயூர்விஹார்:
சிங்ரௌலி, கோர்பா மாதிரி சுரங்கத்தை ஒட்டிய நிலையங்களில் ஷண்டிங்கே குறைந்துவிட்டது. வேகன் அடிக்கதவு திறந்து, ரயில் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே கரி கீழே கொட்டும். வண்டி வளையப் பாதையில் சுற்றிச் சுரங்கத்துக்கே திரும்பும். சிறிய நிலையம் என்கிறீர்களே, அதற்கு அழுத்தம் எவ்வளவு, ஒருமுறை ஏற்றினால் எத்தனை நடை என்று எழுதுங்கள். டீசல் கணக்கை நான் போடுகிறேன்.