தரவு பதியும் படிவத்துக்குள், தடித்த எழுத்து, நிறம் போன்ற வடிவமைப்போடு எழுத உதவும் எடிட்டரைப் பொருத்தியபோது உங்களுக்கு நேர்ந்தது என்ன?

கரிசல்காட்டான்:
மனுக்களைப் பதியும் ஒரு பி.எச்.பி. செயலியில், 'மனுவின் விவரம்' என்ற புலம் வெறும் டெக்ஸ்ட்ஏரியாவாக, அதாவது வடிவமைப்பில்லாத எழுத்துப் பெட்டியாக, இருந்தது. அதில் டைனிஎம்சிஇ எடிட்டரைப் பொருத்தி வெள்ளிக்கிழமை மாலையே ஏற்றிவிட்டேன். திங்கள் காலை பதிவுப் பிரிவு அம்மா அழைத்து, "சேமி பொத்தான் அமுங்குகிறது தம்பி, ஆனால் ஒன்றும் நடக்கவில்லை" என்றார். திரையில் பிழைச்செய்தி இல்லை. சர்வர் லாகிலும் ஒரு வரி இல்லை. நேரில் போய், உலாவியின் உள்பிழைகளைக் காட்டும் குரோமின் கன்சோலைத் திறந்த பிறகுதான் விளங்கியது. எடிட்டர் அசல் டெக்ஸ்ட்ஏரியாவை மறைத்துவிடுகிறது; அந்த மறைந்த புலத்தில் 'கட்டாயம் நிரப்ப வேண்டும்' என்று நான் முன்பு வைத்த 'ரிக்கொயர்டு' குறி அப்படியே இருந்தது. எடிட்டரில் தட்டியது படிவம் அனுப்பப்படும் தருணத்தில்தான் அதற்குள் நகலாகும். உலாவியோ அதற்கு முன்பே சரிபார்த்து, புலம் காலி என்று நிறுத்திவிடுகிறது. எங்கே தவறு என்று காட்டலாமென்றால் அந்தப் புலம் கண்ணுக்கே தெரியாது. குறியை எடுத்துவிட்டு, காலியா என்ற சோதனையைச் சர்வர் பக்கம் வைத்தேன். ஐந்து நிமிட வேலை. ஆனால் அவருடைய மேசையில் ஒரு தாள் இருந்தது. ஒரே மனுவை நான்கு முறை தட்டிப் பார்த்து, ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறித்து, பக்கத்தில் 'ஏறவில்லை' என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தார்.

தாமரைக்குளம்:
என்னுடையது மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான ஆக்சஸ். 2007 பதிப்பில், நீண்ட குறிப்புகளுக்கான மெமோ புலத்துக்கு, வடிவமைப்போடு எழுதும் ரிச் டெக்ஸ்ட் வசதி வந்ததும், ஒரு நூலகத்தின் நூற்குறிப்புப் படிவத்தில் அதை ஆசையோடு இயக்கினேன். படிவத்தில் எல்லாம் அழகாகவே தெரிந்தது. படிகளை எண்ணுவதற்காக அறிக்கையின் வினவலில் குறிப்புப் புலத்தையும் சேர்த்து, ஒரே மாதிரியான பதிவுகளைத் தொகுக்கும் 'குரூப் பை' கொடுத்திருந்தேன். அப்படிக் கொடுத்தால் மெமோ 255 எழுத்தோடு வெட்டுப்படும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அச்சாகி வந்த பட்டியலில் ஒரு பழைய நூலின் குறிப்பு, 'இதன் இரண்டாம் பாகம் கிடை' என்று நின்றிருந்தது. நூலகர் அந்த வரியின்மேல் விரலை வைத்து, "கிடைத்ததா, கிடைக்கவில்லையா?" என்று கேட்டார். பிறகு அந்தப் புலத்துக்கு மட்டும், தொகுப்பின் முதல் பதிவிலிருந்து மதிப்பை எடுக்கும் 'ஃபர்ஸ்ட்' என்று மாற்றிச் சரிசெய்தேன்; ஆயினும் அந்த விரலை மறக்க முடியவில்லை.

எட்டாம்பிட்:
மன்னிக்கவும், இது எடிட்டரின் குற்றமே அல்ல. ரிச் டெக்ஸ்ட் வருவதற்கு முன்பும் ஆக்சஸ் அங்கேதான் வெட்டியது. எனக்கு நேர்ந்தது சிறியது: வேர்டிலிருந்து ஒட்டிய இரண்டு வரிக் குறிப்பு, கூடவே வந்த வடிவமைப்புக் குப்பையால் புலத்தின் அளவைத் தாண்டிவிட்டது. எடிட்டர் வைக்கும் எவரும் சிலவற்றைச் செய்தே ஆக வேண்டும். எடிட்டர் வடிவமைப்பைக் குறிகளாக எழுதும் மொழியான எச்டிஎம்எல் உள்ளே வரும்போது, அதை எந்தெந்தக் குறிகளுக்கு அனுமதி என்று பட்டியலிட்டுச் சர்வரில் வடிகட்டுங்கள். உலாவியில் வடிகட்டியது கணக்கில் சேராது, ஏனென்றால் எடிட்டரைத் தொடாமலே யாரும் அந்த முகவரிக்கு ஸ்கிரிப்டை அனுப்பலாம். படங்களை ஒட்டவிடாதீர்கள், அவை பேஸ்64 என்ற எழுத்து வடிவமாக மாறி, மூன்று பைட்டுக்கு நான்கு என்ற கணக்கில் புலத்துக்குள்ளேயே குடியேறும். ஆரக்கிள் தரவுத்தளத்தில் புலம் வார்ச்சார்2 என்ற 4000 பைட் எழுத்துப் புலமாக இருந்தால், யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு சேமிப்பு முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் 1333 குறியீடுகளோடு இடம் தீர்ந்துவிடும். எடிட்டரின் குறிகளும் அதற்குள்ளேதான் அடங்க வேண்டும். ஆகவே தொடக்கத்திலேயே, மிக நீண்ட எழுத்துக்கான சிஎல்ஓபி (CLOB) புலத்தை வைத்துவிடுங்கள்.

தாமரைக்குளம்:
நான் அறிவுரை கேட்கவில்லை. 255 முன்பும் இருந்தது உண்மைதான். ஆனால் அப்போது அத்தனையும் எழுத்தாக இருந்தன. ரிச் டெக்ஸ்ட் வந்த பின், எழுத்துருவையும் நிறத்தையும் சொல்லும் குறிகளே அதில் பெரும்பங்கைத் தின்றுவிட்டன. 'கிடை'யோடு வாக்கியம் நின்றது அதனால்தான்.

மேய்ச்சல்நிலம்:
ஒரு கால்நடைப் பதிவேட்டில் எடிட்டர் வைத்த மறுவாரம், 'ஆடு' என்று தேடினால் பழைய பதிவுகள் மட்டுமே வந்தன. புதிய பதிவைத் திறந்தால் 'ஆடு' என்ற சொல் கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் இல்லை. யூனிகோடில் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் கொலேஷனை, அதாவது எழுத்துகளை ஒப்பிடும் விதியை, மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் படிவத்தை விட்டுவிட்டு அட்டவணையை நேரடியாகத் திறந்தேன். எடிட்டரின் என்கோடிங் அமைப்பை யாரோ 'நியூமெரிக்' என்று வைத்திருந்ததால், பழைய வரிசைகளில் 'ஆடு' இருந்த இடத்தில் புதிய வரிசைகளில் எழுத்துகளுக்குப் பதில் அவற்றின் யூனிகோடு எண்கள், ஆடு என்று இருந்தன. யாரோ என்ன, நான்தான்.