வ.உ.சி.யை எழுத்தாளராக மாணவர்களுக்கு எந்த நூல் வழியாக அறிமுகப்படுத்தலாம்?

ஓட்டப்பிடாரம் தமிழாசிரியை:

அனைவருக்கும் வணக்கம். ஆண்டுதோறும் செப்டம்பர் 5 அன்று எங்கள் பள்ளியில் வ.உ.சி. பிறந்த நாளைக் கொண்டாடுகிறோம். பிள்ளைகள் அட்டையில் கப்பல் செய்து கொண்டுவருவார்கள், சுதேசிக் கப்பல் நிறுவனத்தைப் பற்றி ஒருவர் பேசுவார், அத்துடன் விழா முடிந்துவிடும். இதே ஊரில் 1872இல் பிறந்த அவர் நூல்கள் எழுதியவர், பழைய உரைகளைப் பதிப்பித்தவர் என்பது பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியவில்லை. அவர்களுக்கு எந்த நூலை முதலில் கொடுக்கலாம்? அவருடைய சிறைவாசத்துக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பை எவ்வாறு விளக்கலாம்?

பாளையங்கோட்டை வாசகர்:

அம்மா, அகவற்பாவில் அவர் எழுதிய சுயசரிதையில் தொடங்குங்கள். அவருடைய அன்பர் பரலி சு. நெல்லையப்பர் வேண்டிக்கொண்டதால் எழுதப்பட்ட அந்நூல், அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பிறகு 1946இல்தான் அச்சேறியது. நம் பிள்ளைகள் நடமாடும் தெருக்களே அதில் வருகின்றன. 1908 மார்ச் 12 அன்று அவரும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டதும், மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் மூடப்பட்டு, நகராட்சி அலுவலகம் தீக்கிரையாகி, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். நீதிபதி பின்ஹே ஜூலை மாதத்தில், அரசுக்கு எதிராகப் பேசியது, சிவாவுக்கு உதவியது என்னும் இரண்டு குற்றங்களுக்கும் இருபது இருபது ஆண்டுகளாக நாற்பது ஆண்டுத் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்ததனால் 1912 டிசம்பரில் விடுதலை ஆனார்.

கோயம்புத்தூர்ச் சிறையில் அவர் இழுத்த செக்கு இப்போது சென்னை காந்தி மண்டபத்தில் இருக்கிறது. அந்தச் செக்கைப் பற்றிப் பேசுகிற நாம், அதே சிறைக்காலத்தில்தான் அவர் ஜேம்ஸ் ஆலனின் நூலை ‘மனம்போல வாழ்வு’ என்று தமிழாக்கினார் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். பகலெல்லாம் கடும் உழைப்பில் வாடிய ஒருவர், எண்ணமே வாழ்வை ஆக்குகிறது என்னும் நூலைத் தேர்ந்து மொழிபெயர்த்தது என் மனத்தை இன்றும் உலுக்குகிறது. பின்னர் கண்ணனூர்ச் சிறையில் உடனிருந்த கைதிகளுக்கு அறநூல் கற்பித்தார். ‘மெய்யறிவு’ அந்தச் சூழலில் பிறந்தது. சிறைக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்ட இவ்விரண்டையும் சொன்னாலே போதும்.

கோவில்பட்டி வாசகர்:

அண்ணாச்சி சொல்வதை மதிக்கிறேன்; ஆனால், சுயசரிதையின் அகவல் நடை பிள்ளைகளைத் தொடக்கத்திலேயே மலைக்க வைக்கும். ‘மெய்யறம்’ அதைவிடப் பொருத்தமானது என்று கருதுகிறேன். அதில் 125 அதிகாரங்கள், ஒவ்வொன்றிலும் பத்து வரிகள். ஒரு வரியே ஒரு பாட்டு. முதற்பகுதியின் பெயரே மாணவரியல். வகுப்பில் நாளுக்கு ஓர் அதிகாரம் என்று படித்துவிடலாம்.

பதிப்புப் பணியை விட்டுவிடாதீர்கள் என்பதையும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். விடுதலையானபோது அவரிடம் கப்பலும் இல்லை, வழக்கறிஞர் உரிமமும் இல்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கெனத் திரட்டிய 347 ரூபாய் 12 அணா, காந்தியடிகளுக்குப் பலமுறை கடிதம் எழுதிக் கேட்ட பிறகு 1916இல்தான் கைக்கு வந்தது. அப்படிப்பட்ட வறுமையில் இருந்தவர், மறு ஆண்டே திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு பதிப்பித்தார்! தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையின் பதிப்பிலும் உழைத்தார். அதில் நம் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த தமிழறிஞர் வையாபுரிப் பிள்ளையும் துணைநின்றார். கப்பல் நிறுவனம் சில ஆண்டுகளில் முடிந்துபோயிற்று, இந்தத் தமிழ்ப்பணியோ அவர் இறுதிக்காலம் வரை தொடர்ந்தது. உரிமத்தைத் திரும்பப் பெற உதவிய நீதிபதி வாலஸின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார் என்பதையும் சொல்லுங்கள். ஆங்கில ஆட்சியை எதிர்த்தவர் ஓர் ஆங்கிலேயரின் நன்மையை மறக்காமல் இருந்ததைப் பிள்ளைகள் அறிய வேண்டும்.

ஓட்டப்பிடாரம் தமிழாசிரியை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மாணவரியலை வகுப்பில் தொடங்கிவிடுகிறேன். சுயசரிதையிலிருந்து கைதுப் பகுதியை மட்டும் விழாவன்று நானே வாசித்துப் பொருள் சொல்கிறேன்.

பாளையங்கோட்டை வாசகர்:

நல்லது அம்மா. அகவலை ஓசையோடு உரக்க வாசியுங்கள். கண்ணால் படிக்கும்போது தோன்றும் கடினம் காதுக்குத் தெரியாது.